எல்லை தாண்டி வாங்குன சுகர் பொடி: மாசமா இருக்குறவங்க இதப் படிச்சிட்டு வாங்குங்க

மொதல்லயே ரேட்டிங் சொல்லிடுறேன், பாதிப் பேரு அதுக்குத்தான வருவீங்க. கடைக்கு அஞ்சுக்கு மூணு. பொடிக்கு, வயசான சுகர்காரங்கன்னா உங்க டாக்டர்ட்ட டப்பாவக் காட்டிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க, நான் மார்க் போடல. வயித்துல புள்ளயோட இருக்குறவங்களுக்குன்னா சைபர். அதுக்குக் கீழ போட எடமில்ல, அதனால சைபர்.

கடை பேரு போட மாட்டேன். கேரளாவுல ஆரியங்காவு பக்கம்னு மட்டும் வெச்சுக்கோங்க. செங்கோட்டையில இருந்து பஸ் ஏறி, புளியரை செக்போஸ்ட் தாண்டி, கோட்டவாசல் ஏறி எறங்குனா ரோட்டோரமா இந்த மாதிரி மூலிகக் கடைங்க வரும், தேன், தைலம், கொடம்புளி, வேரு, பட்டைன்னு வாசம் பஸ்ஸுக்குள்ள வரைக்கும் அடிக்கும். எங்க ஆச்சி சின்னப் புள்ளையா இருக்கும்போது செங்கோட்டையே திருவிதாங்கூர்ல தான இருந்துச்சு, 1956 நவம்பர்லதான் இந்தப் பக்கம் வந்தோம், அதனாலயோ என்னமோ எங்க வீட்டுல மருந்துன்னா மலைக்கு அந்தப் பக்கம்தான்னு ஒரு நம்பிக்க. குற்றாலத்துல கெடைக்குற அதே வேர ஆரியங்காவுல வாங்குனாத்தான் கேக்கும்னு அத்தை சத்தியமே பண்ணுவாங்க.

சரி கதைக்கு வாரேன். எனக்கு இது ரெண்டாவது புள்ள. 26வது வாரம் செக்கப்புக்குப் போனப்ப அந்த சக்கரத் தண்ணி குடுத்தாங்க, 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சது, தொண்டைய விட்டு எறங்கவே எறங்காது, குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. 140 தாண்டக் கூடாதாம், எனக்கு 163. தமிழ்நாட்டுல 2007ல இருந்து எல்லா கர்ப்பிணிக்கும் இந்த டெஸ்ட் பாக்குறாங்க, வெறும் வயித்துல வரணும்னு கூட அவசியமில்ல, தூரத்துல இருந்து பஸ் புடிச்சு வாரவங்க பசியோட காத்துக் கெடக்க வேணாம்னு இப்படி ஒரு மொறைய நம்ம ஊரு டாக்டர்ங்க தான் கொண்டு வந்தாங்க, சென்னை சேஷய்யா டாக்டர் இதுல முக்கியமான ஆளு. டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். ரிசல்ட் தான் புடிக்கல.

அழுதேன், ஒளிக்க என்ன இருக்கு. எங்க அம்மா வீட்டுல ஒருத்தருக்கும் சுகர் கெடையாது, எனக்கு எப்படின்னு கேட்டேன். நஞ்சுக்கொடியில இருந்து வர்ற ஹார்மோன் நம்ம ஒடம்புல இருக்குற இன்சுலின வேல செய்ய விடாதாம், மாசம் ஏற ஏற அது கூடுமாம், அத ஈடு கட்ட முடியாதவங்களுக்கு சுகர் ஏறுமாம். நான் இனிப்பு தின்னதால வந்ததில்லன்னு அந்த நர்ஸக்கா சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல், ஏன்னா வீட்டுக்குப் போனா எல்லாரும் தீபாவளி அதிரசத்துல இருந்து கணக்கெடுப்பாங்கன்னு தெரியும். எடுத்தாங்க.

ரெண்டு வாரம் சாப்பாட்டுல கட்டுப்பாடு, நடை. வெறும் வயித்துல 95க்குள்ள, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 120க்குள்ள இருக்கணும். காலையில சரியா இருந்துச்சு, சாப்பாட்டுக்கு அப்புறம் 138, 141ன்னு நின்னுச்சு. அப்படியே இருந்தா இன்சுலின் போடலாம்னாங்க. அவ்வளவுதான், வீட்டுல பூகம்பம். "ஊசி ஒருக்கப் போட்டா ஆயுசுக்கும் ஊசிதான் ஏட்டி"ன்னு அத்தை. பெரிய மைனி போன்ல இருந்து "எங்க தெருவுல ஒருத்தி சிறியாநங்கைய அரச்சுக் குடிச்சே கொறச்சுட்டா"ன்னு. அந்தத் தெருக்காரிக்கு வயசு அம்பத்தெட்டு, அது அப்புறம்தான் தெரிஞ்சுது. சிறியாநங்கைங்கிறது நெலவேம்பு எனம், மாசமா இருக்கும்போது தொடவே கூடாதுன்னு சொல்லுற லிஸ்ட்ல மேல இருக்குறது.

அடுத்த சனிக்கெழம அத்தையும் மைனியும் பஸ் ஏறி ஆரியங்காவு கோயில்ல சாஸ்தாவக் கும்புட்டுட்டு, வரும்போது டப்பாவோட வந்தாங்க. 200 கிராம், 450 ரூவா. தேக்கு எலப் பச்சையில ஒரு லேபிள், மேல ஒரு தாடி வெச்ச சாமியார் படம். "48 நாளில் பரிபூரண குணம், பக்க விளைவு அறவே இல்லை". கடைக்கு வெளிய போர்டும் அதேதான். ஒரு தகவலுக்குச் சொல்லுறேன், சுகர குணமாக்குறோம்னு மருந்துக்கு வெளம்பரம் பண்ணுறதே சட்டப்படி தப்பு, 1954ல போட்ட சட்டம், அதுல இருக்குற நோய் பட்டியல்ல நீரிழிவும் உண்டு. போர்டு என்னமோ ரோட்டப் பாத்து ஜம்முன்னு நிக்குது.

இன்னொண்ணு, 48 நாள். எனக்கு அப்ப 28 வாரம் முடிஞ்சிருச்சு. ஒரு மண்டலம் பொடி குடிச்சு கேக்குதா இல்லையான்னு பாக்குறதுக்குள்ள 35 வாரம் வந்துரும். அது வரைக்கும் வயித்துக்குள்ள இருக்குறவன் எங்கூட சேந்து அந்த சுகரக் குடிச்சிட்டே இருப்பான், புள்ள பெருத்துப் போகும், பொறந்ததும் அவனுக்கு சுகர் படக்குன்னு எறங்கும். பெரியவங்க ஆறு மாசம் ஒரு கசாயத்த டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு விட்டுரலாம், எங்களுக்கு அந்த டைம் கெடையாது. இத அன்னைக்கு நான் யோசிக்கல, இப்ப எழுதும்போது யோசிக்கிறேன்.

குடிச்சேன். ஆமா, குடிச்சேன், திட்டுறவங்க திட்டுங்க. டாக்டர்ட்ட சொல்லல. மூணு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் மோர்ல கலந்து.

பொடியோட குணம் சொல்லணும்ல, ரிவ்யூதான இது. நிறம் காஞ்ச வேப்பில மாதிரி, வாசம் பழைய நெல்லு மூட்டை, கசப்பு நாக்கோட வேருல போய் உக்காந்துக்கும், அப்புறம் பத்து நிமிசத்துல ஒரு ஆச்சரியம் நடக்கும். என் பெரியவன் கடலமிட்டாய் தின்னுட்டு இருந்தான், ஒரு துண்டு வாயில போட்டேன், மண்ணக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. வெல்லத்த நக்கிப் பாத்தேன், உப்பில்லாத களிமண்ணு. அத்தைக்கு சந்தோசம் தாங்கல, "பாத்தியா, சக்கரையக் கொல்லுது பாரு"ன்னாங்க. கடையிலயும் இதத்தான் காட்டி விக்கிறாங்க, ஒரு எலைய மெல்லச் சொல்லி அப்புறம் சீனி குடுக்குறாங்க, மைனி அதப் பாத்துத்தான் மயங்கிட்டாங்க.

அது சிறுகுறிஞ்சான். மலையாளத்துல பேரே சக்கரக்கொல்லி. அதுல இருக்குற ஒரு சத்து நாக்குல இனிப்பு தெரியுற எடத்தப் போய் அடச்சுக்கும், அரை மணி, ஒரு மணி நேரம் இனிப்பே தெரியாது. அது நாக்குல நடக்குற வேல. ரத்தத்துல இருக்குற சுகருக்கும் இந்த வித்தைக்கும் சம்பந்தமில்ல. ரத்தத்துலயும் கொஞ்சம் கொறைக்கும்னு ஆராய்ச்சிங்க இருக்கு, சின்னச் சின்னதா, எல்லாம் சாதாரண சுகர்காரங்கள வெச்சு. கர்ப்பிணிக்குக் குடுத்து யாரு டெஸ்ட் பண்ணுவாங்க, அதனால மாசமா இருக்கும்போது இது சேஃப்னு சொல்ல ஒருத்தர் கையிலயும் ஆதாரம் கெடையாது. பக்க வெளைவு அறவே இல்லைன்னு டப்பாவுல இருக்கு பாருங்க, அதுக்கு அர்த்தம் பாக்கவே இல்லைங்கிறதுதான்.

ஒரு வாரத்துல சுகர் அப்படியேதான் இருந்துச்சு, 136, 139. சாப்பாட்டுக்குப் பின்னாடி கொறையாததால டாக்டர் இன்சுலின் ஆரம்பிச்சுட்டாங்க, காலையில 6 யூனிட்டு. கொசு கடிக்கிற மாதிரி கூட இல்ல, அவ்வளவு சின்ன ஊசி. அத்தை என்ன சொன்னாங்கன்னா, ஊசியும் போடு பொடியும் குடி, ரெண்டும் சேந்தா சீக்கிரம் கேட்டு ஊசிய நிறுத்திரலாம். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு.

மூணாவது நாள் காலையில எட்டு மணிக்கு ஊசி, கொமட்டலா இருந்ததால இட்லி ரெண்டோட எந்திரிச்சுட்டேன். பதினோரு மணிக்கு சுண்டல் சாப்பிடணும், அதுக்கு முன்னாடி வழக்கம் போல பொடி. கால் மணி நேரத்துல நெத்தியெல்லாம் வேர்த்துச்சு, கை நடுக்கம், சுவத்துல இருக்குற காலண்டர்ல தேதி ரெண்டு ரெண்டா தெரியுது. மெஷின்ல குத்திப் பாத்தா 58. தாழ்ந்து போனா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க, மூணு ஸ்பூன் சீனி தண்ணியில கரைச்சு குடிக்கணும், கால் மணி நேரத்துல மறுபடி குத்திப் பாக்கணும். அத்தை ஓடிப் போய் கரைச்சு எடுத்துட்டு வந்தாங்க. வாயில வெச்சா பச்சத் தண்ணி. இனிப்பே இல்ல. "அத்த, சீனி போடலயா"ன்னு கத்துறேன், "போட்டேன் ஏட்டி, போட்டேன்"ன்னு அவங்க அழுவுறாங்க, நான் நம்பாம இன்னொரு கை சீனிய அள்ளி வாயில போட்டா மணலு. அந்தப் பொடி நாக்க அடச்சு வெச்சிருக்கு. உசுரக் காப்பாத்துற சீனி உள்ள போகுதா இல்லையான்னே தெரியாம நான் மணலத் தின்னுட்டு உக்காந்திருந்தேன். இருபது நிமிசத்துல 91 வந்துச்சு. புள்ள ஒரு ஒதை விட்டான். அப்புறம்தான் அத்தை தரையில உக்காந்தாங்க.

சுகர் எறங்குனது பொடியாலயா இட்லி கொறஞ்சதாலயா? டாக்டர் சொன்னது, ஊசி போட்டுட்டு ரெண்டு இட்லியோட எந்திரிச்சா அதுவே போதும், பொடி அதோட சேந்து இழுத்திருக்கலாம். திட்டல, அதுதான் எனக்கு ரொம்ப வெக்கமா போச்சு. "நீ என்ன சாப்பிடுறன்னு எனக்குத் தெரிஞ்சாதானம்மா எத்தன யூனிட்டுன்னு நான் கணக்கு போட முடியும்"ன்னாங்க. இன்சுலின் நஞ்சுக்கொடியத் தாண்டி புள்ளைக்குப் போறதில்ல, அதனாலதான் இத்தன வருசமா அதையே குடுக்குறோம், டப்பாவுல இருக்குறது என்னென்ன தாண்டும்னு எனக்கும் தெரியாது உனக்கும் தெரியாது விக்கிறவனுக்கும் தெரியாதுன்னாங்க. ஆயுசுக்கும் ஊசிங்கிறதும் பொய்யி, இந்த வகை சுகர்ல பெரும்பாலானவங்களுக்கு பிரசவம் ஆனதும் ஊசி நின்னுரும், ஆறு வாரம் கழிச்சு மறுபடி சக்கரத் தண்ணி டெஸ்ட் பாத்துட்டு, பின்னால சுகர் வர வாய்ப்பு இருக்குறதால அப்பப்ப செக் பண்ணிக்கணும், அவ்வளவே.

அப்புறம்தான் லேபிள ஒக்காந்து படிச்சேன். சிறுகுறிஞ்சான், நாவக்கொட்ட, வெந்தயம், பாகக்கா, ஆவாரம்பூ, பொன்கொரண்டி, கடுக்கா, "மற்றும் 7 அரிய மூலிகைகள்". அந்த ஏழு என்னன்னு போடல. லைசென்ஸ் நம்பர் இருக்க வேண்டிய எடத்துல வெல ஸ்டிக்கர ஒட்டியிருக்கு, பேட்ச் நம்பரும் இல்ல. சொல்லாத அந்த ஏழுதான் எனக்கு இன்னும் பயம். சுகர் பொடிங்கிற பேருல இங்கிலீஷ் மாத்திரையவே இடிச்சுக் கலந்து வித்தது பல நாட்டுல புடிபட்டிருக்கு. ஈயமும் அப்படித்தான், 2011, 2012ல நியூயார்க்ல ஆறு கர்ப்பிணிங்களுக்கு ரத்தத்துல ஈயம் ஏறியிருந்துச்சு, பாத்தா இந்தியாவுல செஞ்ச ஆயுர்வேத மருந்துங்களால. ஈயம் நஞ்சுக்கொடியத் தாண்டும், புள்ள மூளைக்குப் போகும். எல்லா மருந்துலயும் இருக்குன்னு நான் சொல்லல, பேட்ச் நம்பர் இல்லாத டப்பாவுல இருக்கா இல்லையான்னு யாரப் போயி கேப்பீங்க, அதான் கேள்வி.

இதுக்காக பாகக்கா பொரியலையும் வெந்தயக் கொழம்பையும் நிறுத்திராதீங்க. நான் ரெண்டையும் வாரம் வாரம் சாப்பிடுறேன், டாக்டரே சாப்பிடுன்னாங்க. பிரச்சன அளவுலதான். தாளிக்கிற வெந்தயம் வேற, தெனம் மூணு ஸ்பூன் பொடி வேற. பாகக்கா கொட்டையையும் சாறையும் பிராணிங்களுக்குக் குடுத்துப் பாத்ததுல கரு கலைஞ்சிருக்கு, பொன்கொரண்டி வேரும் எலியில அதே மாதிரி. மனுசி எலி இல்லதான், ஆனா மனுசியில பாக்கவும் முடியாதே. வெந்தயத்துல ஒரு வேடிக்க கேளுங்க, பிரசவத்துக்கு முன்னாடி நெறைய வெந்தயம் எடுத்த அம்மாங்களோட கொழந்தைக்கு பொறந்ததும் மூத்திரத்துல பாகு காய்ச்சுற வாசம் அடிச்சிருக்கு. அதே வாசம் மேப்பிள் சிரப் நோய்னு ஒரு பயங்கரமான பொறவி நோய்க்கும் உண்டு. டாக்டருங்க அதுவோன்னு பதறி டெஸ்ட் மேல டெஸ்ட் எடுத்து, கடைசியில அம்மா தின்ன வெந்தயம்னு தெரிஞ்சிருக்கு. ஆவாரம்பூவுக்கு "ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு மைனி பழமொழி சொன்னாங்க. மைனிக்கு எப்பவும் ஒரு பழமொழி இருக்கும்.

ரெண்டு வாரம் கழிச்சு டப்பாவத் தூக்கிட்டு நானே போனேன், வீட்டுக்காரர் பைக் வேணாம்னு கார் புடிச்சாரு. கடை சுத்தமா இருக்கு, அத ஒத்துக்கணும். கவுண்டர்ல ஒரு தம்பி, என் வயித்தப் பாத்துட்டே "சேச்சிக்கு சுகரா, ரெண்டு டப்பா எடுத்தா 50 ரூவா கொறைக்கலாம்"னான். எத்தனாவது மாசம்னு ஒரு வார்த்த கேக்கல. எங்க அத்தை வாங்கும்போதும் யாருக்குன்னு கேக்கலயாம், அத்தை "மருமகளுக்கு"ன்னு சொல்லியும் கேக்கலயாம்.

ஆனா பாருங்க, உள்ள ஒரு ஆயுர்வேத டாக்டர் உக்காந்திருந்தாரு, முறையாப் படிச்சவரு, சனிக்கெழம மட்டும் வருவாராம். டப்பாவக் காட்டுனேன். லேபிளப் படிச்சாரு, என்னப் பாத்தாரு, மூஞ்சி மாறிருச்சு. "கர்ப்பிணிக்கோ? இது கொடுக்கான் பாடில்ல மோளே"ன்னாரு. அப்புறம் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னாரு, இங்கிலீஷ் மருந்துக்காரங்க சொல்லுறதெல்லாம் விடு, இதுல கடுக்கா இருக்கு, கர்ப்பிணிக்கு கடுக்கா குடுக்கக் கூடாதுன்னு எங்க பழைய சாஸ்திரத்துலயே இருக்கு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நான் இவ்வளவு நாளா இது இங்கிலீஷ் மருந்துக்கும் நாட்டு மருந்துக்கும் சண்டன்னு நெனச்சுட்டு இருந்தேன். நாட்டு மருந்துலயே வேணாம்னுதான் இருக்கு. வேணும்னு சொல்லுறது வெளிய நிக்கிற போர்டு மட்டும்தான். உள்ள இருக்குற டாக்டருக்கும் கவுண்டர் தம்பிக்கும் நடுவுல ஒரு பலகத் தட்டி, பத்தடி. அந்தப் பத்தடிய யாரும் நடக்கல.

அவருகிட்டயே கேட்டேன், அப்ப இதுல கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாதுன்னு ஒரு வரி போட்டா என்னன்னு. சிரிச்சாரு, ஒண்ணும் சொல்லல. ஊசிய விட்டுராதன்னு மட்டும் சொன்னாரு. பீஸும் வாங்கல. கடைக்கு நான் போட்ட மூணுல ரெண்டு அவருக்குத்தான்.

நீங்க இப்பவே இந்த மாதிரி எதையாவது குடிச்சிட்டு இருந்தா பயந்து போய் ஒளிக்காதீங்க. டப்பாவோட டாக்டர்ட்ட போங்க, எத்தன நாளு எவ்வளவுன்னு சொல்லுங்க. எனக்கு ஈயத்துக்கு ரத்த டெஸ்ட் எழுதுனாங்க, தென்காசியில குடுத்து வெளியூருக்கு அனுப்பி வந்துச்சு, நார்மல். அந்த அஞ்சு நாள் நான் தூங்குனது மொத்தமா எண்ணுனா ஒரு ராத்திரி தேறாது. இப்ப 33 வாரம், 8 யூனிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் 112, 117. அத்தைதான் இப்ப மணி பாத்து குத்திப் பாக்கச் சொல்லுறாங்க, நோட்டுல அவங்களே எழுதியும் வைக்கிறாங்க.

காச திருப்பிக் கேட்டேன். பிரிச்ச டப்பாவுக்குத் தர மாட்டோம், வேணும்னா வேற சாமான் எடுத்துக்கோங்கன்னான் அந்தத் தம்பி, அதுவும் பாதி வெலைக்குத்தான். சண்ட போட தெம்பில்ல. கொடம்புளி எடுத்துட்டு வந்தேன். நல்லா கறுத்து, பொகையில காஞ்சு, சாறு எறங்குன நல்ல சரக்கு. மீன் கொழம்புக்கு ரெண்டு சொளை போட்டாப் போதும். மூணாவது ஸ்டார் அதுக்கு.